துடைத்த கணிப்பொறியில் கடிதங்கள் திரும்பி வருமா?

கொல்லிமலைச் சிற்றூர்களில் தானியத்தைத் தொம்பையில் சேமிப்பது பழைய வழக்கம். அதே மலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையுடன் ஊர்ப் பொது விதை வங்கிகளும் ஏற்பட்டன. வீட்டிலுள்ள சாமை விதை பூச்சிக்கு இரையானாலும், பொது வங்கியில் கொடுத்து வைத்த விதை அடுத்த பருவத்துக்குக் கைகொடுக்கும். மின்னஞ்சலிலும் கேள்வி இதுதான்: உங்கள் கடிதங்கள் வீட்டுத் தொம்பையில் மட்டும் இருக்கின்றனவா, வெளியிலும் ஒரு பிரதி உண்டா?

மலைமேல் செம்மேட்டில் ஒரு மாணவியின் கணிப்பொறி வைரஸ் தாக்கி முடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பழுது பார்ப்பவர் வட்டைத் துடைத்து விண்டோஸை மீண்டும் ஏற்றித் தருகிறார். தண்டர்பேர்டு என்னும் அஞ்சல் நிரலும் ஏற்றியாயிற்று. முகவரியையும் கடவுச்சொல்லையும் கொடுத்ததும் கணக்கு வந்துவிடுகிறது. பழைய கடிதங்கள்?

கணக்கு வேறு, கடிதம் வேறு. கணக்கு என்பது தபால் நிலையத்தில் உங்கள் பெயருக்கு உள்ள பெட்டி. அது தொலைவிலுள்ள சர்வரில் இருப்பதால், உங்கள் வட்டைத் துடைப்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது. கடிதங்களின் கதி, அவற்றை எந்த முறையில் பெற்றீர்கள் என்பதைப் பொறுத்தது. 1984-ல் வகுக்கப்பட்ட 'பாப்' முறையில், கடிதங்கள் வீட்டுக்கு அள்ளி வரப்படும். சர்வரில் உள்ள பிரதி உடனேயோ சில நாள் கழித்தோ அழிக்கப்படலாம். தொலைபேசி இணைப்புக்கு நிமிடக் கணக்கில் காசு கொடுத்த காலத்துக்கு ஏற்ற சிக்கனம் அது! 1986-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிரிஸ்பின் உருவாக்கிய 'ஐமேப்' முறையிலோ மூலம் சர்வரிலேயே தங்கும். நாம் பார்ப்பது அதன் நகல். ஐமேப் கணக்கை மீண்டும் இணைத்தால் கடிதங்கள் தாமே வந்து நிரம்பும்.

இங்கே ஒரு பொறி உண்டு. ஐமேப் வைத்திருப்போரும், பெட்டி நிரம்பிவிட்டது என்று பழைய கடிதங்களை 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' பகுதிக்கு நகர்த்துவார்கள். அந்தக் கணமே அவை சர்வரை விட்டு நீங்கி, வீட்டு வட்டில் மட்டும் வாழ்கின்றன.

ஆகவே துடைப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று. தண்டர்பேர்டில் 'புரொஃபைல்' எனப்படும் கோப்புறை முழுவதையும் பென் டிரைவில் நகலெடுங்கள். அவுட்லுக்கில் 'பாப்' கடிதங்கள் 'பி.எஸ்.டி.' வகைக் கோப்பில் இருக்கும். நிரலை மீண்டும் ஏற்றியபின் இவற்றைத் திறக்கச் செய்தால் கடிதங்கள் பழைய வரிசையிலேயே தோன்றும். புரொஃபைலில் சேமித்த கடவுச்சொற்களும் இருப்பதால் அந்தப் பென் டிரைவைக் கண்டவரிடம் கொடுக்கலாகாது.

நகலெடுக்காமலே துடைத்துவிட்டால்? இங்கே இயற்பியல் வருகிறது. ஹார்டு டிஸ்கில் எழுத்துகள் நுண்ணிய காந்தப் பகுதிகளாகப் பதிந்துள்ளன. விரைவுத் துடைப்பு அட்டவணையை மட்டுமே நீக்குகிறது. நூலகத்தின் பட்டியலைக் கிழித்தாலும் புத்தகங்கள் அலமாரியில் இருக்குமல்லவா? ஆனால் விண்டோஸை ஏற்றும்போது அந்த இடங்களில் சில மேலெழுதப்படும். எனவே உடனே கணிப்பொறியை நிறுத்தி, வட்டைக் கழற்றி, வேறு கணிப்பொறியில் மீட்பு நிரல் கொண்டு தேட வேண்டும். இன்றைய எஸ்.எஸ்.டி. வட்டில் நம்பிக்கை குறைவு. தகவல் அங்கே மின்னூட்டமாக இருக்கிறது. வேண்டாத பகுதிகளை வட்டு தானாகவே காலி செய்துவிடும்.

சர்வரிலும் விபத்து நேரும். 2011 பிப்ரவரி 27 அன்று, சேமிப்பு நிரலில் இருந்த ஒரு பிழையால் ஜிமெயிலில் சுமார் 0.02 சதவீதம் பேரின் பெட்டிகள் காலியாகத் தெரிந்தன. வெவ்வேறு தரவு மையங்களில் இருந்த பிரதிகளையும் அந்தப் பிழை விட்டுவைக்கவில்லை. மீட்டது எது தெரியுமா? பழங்காலத்துக் காந்த நாடா! இணைப்பில்லாமல் தனியே இருந்ததால் பிழை அதை எட்டவில்லை.

இந்த வாரமே ஒரு சோதனை செய்யுங்கள். வேறொருவர் கணிப்பொறியில் பிரௌசர் வழியாக உங்கள் கணக்கைத் திறந்து, மிகப் பழைய கடிதம் எந்தத் தேதியுடையது என்று குறித்துக்கொள்ளுங்கள். வீட்டு நிரலில் அதைவிடப் பழையவை இருந்தால், அவை உங்கள் வட்டில் மட்டுமே இருப்பவை. பென் டிரைவுக்குப் போக வேண்டியவை அவைதாம். வேலை முடிந்ததும் அந்தக் கணிப்பொறியில் கணக்கிலிருந்து வெளியேற மறவாதீர்கள்.