வாணிகக் கல்வியும் வறியோர் வாழ்வும்

வாணிக நூலில் மேற்பட்டம் பெறுவார் செல்வர்க்கே பணிபுரிவர் என்பது நம்மிற் பலர் கொண்ட எண்ணம். வங்கதேசத்து இக்பால் காதிர் என்பாரை நோக்குமிடத்து அவ்வெண்ணம் தளர்கின்றது. 1971ஆம் ஆண்டுப் போர்க்காலத்தில், சிறுவராயிருந்த அவர், மருந்து வாங்கிவர வேற்றூர்க்குக் காலை முழுதும் நடந்தார், மருந்துக்காரர் அங்கில்லை, மாலைவரை வெறுங்கையோடு திரும்பி நடந்தார். ஒரு சொல் முன்னே சென்றிருப்பின் அந்நாள் வீணாகியிராது அன்றோ?

பின்னர் அமெரிக்காவில் வார்ட்டன் கலாசாலையில் வாணிக நிர்வாகத்தில் மேற்பட்டம் பெற்ற அவர், அவ்விழப்பை ஒரு வணிகனின் கண்கொண்டு நோக்கலானார். ஏழைகள் தொலைபேசி வாங்குவது எங்ஙனம் என்பதே பெருந்தடை. கிராமீண வங்கியிற் கடன்பெற்றுப் பசு வாங்கிய பெண், பால் விற்றுக் கடனை அடைக்கின்றாள்; பசுவின் இடத்திலே தொலைபேசியை வைத்தால் என்ன? இவ்வுவமையை எவ்வகுப்பும் கற்பித்திராது. ஆயினும் வரவு எது, கடன் தீருங்காலம் எது என ஆராயும் பழக்கம் கல்வியால் வருவதென்றே நாம் கருதுகின்றோம்.

நார்வே நாட்டு டெலிநார் முதலீடு செய்ய, 1997இல் கிராமீண்போன் சேவை தொடங்கிற்று. கடன்பெற்றுக் கைப்பேசி கொண்ட மாதர், ஊரார்க்கு அழைப்புக்களை விற்றுப் பொருளீட்டினர். கைப்பேசி மலிந்து வீடுதோறும் புகுந்தபின் அவ்வருவாய் குறைந்தது. இதனை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும் மருந்து தேடிப் புறப்படுவோன், கடைக்காரர் இருக்கின்றாரா என்று இன்று வீட்டிலிருந்தே கேட்டறியலாம்.