வானொலியில் வேடமிடும் அலைகள்

சினிமாவில் குதிரைவண்டி முன்னோக்கி ஓடும்போது அதன் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். ஏன் அப்படி?

சினிமாக் காமிரா விநாடிக்கு 24 படங்கள் எடுக்கிறது. சக்கரத்தில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைத்து, விநாடிக்கு 23 முறை சுழற்றுவதாகக் கொள்வோம். அடுத்த படம் எடுப்பதற்குள் புள்ளி முழுச் சுற்றையும் முடித்திருக்காது, சற்றுப் பின்தங்கியிருக்கும். ஆகவே, அது விநாடிக்கு ஒருமுறை பின்னோக்கிச் சுற்றுவதுபோல் தோன்றும்.

இதே ஏமாற்று வித்தை மென்பொருள் வானொலியிலும் உண்டு. இந்த வானொலி, அலையை விட்டுவிட்டு அளந்து எண்களாக்கிக் கணிப்பொறிக்கு அனுப்புகிறது. விநாடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பதே மாதிரி வீதம். தொலைக்காட்சி பார்ப்பதற்கென விற்கப்பட்ட ஒரு மலிவான சிறு கருவி, 2012 முதல் இவ்வகை வானொலியாகப் பரவலாகப் பயன்படுகிறது. அதிலுள்ள ஆர்.டி.எல். 2832யூ என்னும் சில்லு விநாடிக்கு 24 லட்சம் முறை அளவுகளைக் கணிப்பொறிக்கு அனுப்ப வல்லது. ஒவ்வொரு முறையும் இரண்டு எண்களைத் தருவதால், நாம் வைத்த அதிர்வெண்ணுக்கு மேலும் கீழும் 1,200 கிலோஹெர்ட்ஸ் வரை தெரியும்.

இப்போது 91.9 மெகாஹெர்ட்ஸில் ஒரு எஃப்.எம். நிலையத்தைக் கேட்க விரும்புகிறோம். அடுத்த நிலையம் 92.7-இல், அதாவது 800 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இருக்கிறது. நமது நிலையத்துக்கு இருபுறமும் 100 கிலோஹெர்ட்ஸ் போதும். பின் 24 லட்சம் எதற்கு? பத்தில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை எறிந்துவிட்டால் என்ன?

இங்கேதான் ஆபத்து! புதிய வீதம் 240 கிலோஹெர்ட்ஸ். இப்போது 240, 480, 720 ஆகிய யாவும் பூஜ்யம்போலவே தோன்றும். எனவே 800 என்பது 80 ஆக வேடமிட்டு, நமது நிலையத்தின்மேல் வந்து உட்காரும். கலந்த பின் பிரித்தெடுக்க இங்கே அன்னப்பறவை கிடையாது. ஆகவே முதலில் வடிகட்டி; பிறகே குறைப்பு.

ஆனால் எந்த வடிகட்டியும் மதில்சுவர்போல் செங்குத்தாக வெட்டாது. ஏரிக்கரைபோல் சரிந்தே இறங்கும். 240 வீதத்தில், 140-க்கு அப்பால் உள்ளவைதாம் நமது 100-க்குள் வேடமிட்டு நுழையும் (240 − 100 = 140). எனவே 100-இல் தொடங்கி 140-க்குள் சரிவு முடியவேண்டும். சரிவுக்குக் கிடைக்கும் இடம் 40.

எட்டில் ஒன்றை வைத்துக்கொண்டால் வீதம் 300. சரிவுக்கு 100 இடம் கிடைக்கும். சரிவின் அகலம் பாதியானால் வடிகட்டியின் நீளம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். எனவே 300-க்குச் சிறிய வடிகட்டியே போதும்; ஆனால் பின்னால் கையாளவேண்டிய எண்கள் அதிகம். பன்னிரண்டில் ஒன்று என்றால் வீதம் 200. சரிவுக்கு இடமே இல்லை. அப்படி ஒரு வடிகட்டியை யாராலும் செய்ய முடியாது!

கருவியின் வாசலிலும் இதே விதிதான். அளக்கும் வீதத்தில் பாதிக்கு அப்பாலுள்ள அலைகளை, அளப்பதற்கு முன்பே மின்சுற்று வடிகட்டி தடுக்கவேண்டும். உள்ளே நுழைந்த பின் மென்பொருளால் பயனில்லை.

இனி நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்: வடிகட்டாமல் வீதத்தை 300 ஆகக் குறைத்தால், 92.7 நிலையம் எங்கே தோன்றும்? மேலேயா, கீழேயா? குதிரைவண்டிச் சக்கரத்தை நினைத்துக்கொண்டால் விடை தானே வரும்.