தக்கை சொல்வதைக் கவனியுங்கள்

திண்டுக்கல் சுற்றுவட்டாரக் கண்மாய்களில் தூண்டில் போடுவோருக்குத் தக்கை என்னும் மிதவைதான் கண்.

முதலில் ஆழம். முள்ளில் சிறு கல்லைக் கட்டி இறக்குங்கள். தக்கை முழுகினால் அதைத் தூண்டில் நரம்பில் மேலே நகர்த்துங்கள். படுத்துக் கிடந்தால் கீழே இறக்குங்கள். அளவு தெரிந்ததும் மீனுக்கேற்ப மாற்றுங்கள்: கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுநீரில், மிர்கால் தரையில்.

தக்கை சிறிதாக இருக்கட்டும். நுனி மட்டும் வெளியே தெரியும்படி எடை கட்டுங்கள். பெரிய தக்கையின் இழுப்பை உணர்ந்தால் மீன் இரையைத் துப்பிவிடும். இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

தக்கை துடித்தால் பொறுங்கள். ஜிலேபிக் கெண்டை கொறிக்கிறது. சாய்ந்து நகர்ந்தாலோ முழுகினாலோ மணிக்கட்டால் சுண்டுங்கள். நின்ற தக்கை திடீரெனப் படுத்தாலும் சுண்ட வேண்டும்: மீன் இரையோடு மேலே எழும்பியிருக்கிறது.

மண்புழுவோ பிசைந்த மைதாவோ போதும். காற்று முதுகுப்பக்கம் இருந்தால் வீச எளிது. தக்கையும் கரைக்கு ஒதுங்காது.

கண்மாய் குத்தகையில் இருந்தால் அனுமதி கேட்டே இறங்குங்கள். ஆத்தூர் காமராஜர் அணை திண்டுக்கல்லுக்குக் குடிநீர் தருவது. அங்கே ஈயக்குண்டு, மிச்ச இரை எதையும் நீரில் விடக் கூடாது. அறுந்த நரம்பைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். கொக்கு, நாரைகளின் காலில் அது சுற்றினால் அவிழாது.