நம்பிக்கைகளும் உண்மைகளும்: சலாலாவில் இருந்து ஊரில் வீடு வாங்குவோர்க்கு

ஓமான் தேசத்தின் தென்கோடியில், ஜூன் பிற்பகுதி தொடங்கிச் செப்டம்பர் வரை கரீஃப் சாரலில் மலைகளெல்லாம் பசுமை பூண்டு நிற்கும் சலாலாவில், துறைமுகத்திலும் கட்டட வேலைகளிலும் கடைகளிலும் உழைக்கும் தமிழர்களில் மிகப் பலருடைய சேமிப்பு ஊரில் ஒரு வீடாகவே உருப்பெறுவதால், வெள்ளிக்கிழமை ஓய்வில் நாலு பேர் கூடினால் பத்திரம், பட்டா, பவர் என்னும் பேச்சு எழாமல் இருப்பதில்லை. அப்பேச்சில் ஒருவர் வாயிலிருந்து மற்றவர் செவிக்குச் சென்று வேதவாக்காகிவிட்ட சில நம்பிக்கைகள், பல வருஷ உழைப்பை ஒரே கையெழுத்தில் கரைத்துவிடக் கூடியவை.

முதலில், அந்நிய தேசத்தவர் சலாலாவில் ஓர் அடி நிலமும் வாங்க முடியாது என்பார்கள். பொதுவாக அது சரியே ஆயினும், 2006-ஆம் ஆண்டின் அரசாணையின்படி ஒருங்கிணைந்த சுற்றுலா வளாகங்கள் என அறிவிக்கப்பட்ட இடங்களில் வெளிநாட்டவரும் வீடு வாங்கிச் சொந்தமாக வைத்துக்கொள்ளலாம். ஹவானா சலாலா அத்தகைய வளாகமே. விலையோ சாதாரணச் சம்பளக்காரர் எண்ணிப் பார்க்கத் தக்கதன்று. ஆகையால் நம்முடைய விசாரம் ஊர் வீட்டைப் பற்றியதே.

“தம்பிக்குப் பவர் எழுதிக் கொடுத்துவிட்டேன், இனி எல்லாம் அவன் பார்த்துக்கொள்வான்” என்று நிம்மதி கொள்வோர் பலர். “பவர் வாங்கிவிட்டேன், ஆகவே வீடு எனதாயிற்று” என்று எண்ணி முழுப் பணத்தையும் கொடுத்துவிடுவோர் வேறு சிலர். பின்னதுதான் பெரும் ஆபத்து. ஹரியானாவிலிருந்து எழுந்த சூரஜ் லாம்ப் வழக்கில், 2011 அக்டோபர் 11 அன்று, விற்பனை உடன்படிக்கை, பொது அதிகாரப் பத்திரம், உயில் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தாலும் ஸ்தாவர சொத்தின் உரிமை கைமாறுவதில்லை என்றும், முறையாகப் பதிவு செய்யப்பட்ட கிரையப் பத்திரம் ஒன்றே அதைக் கைமாற்றும் என்றும் உச்ச நீதிமன்றம் ஐயத்துக்கு இடமின்றித் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு, ஒருவர் தம் மனைவிக்கோ மக்களுக்கோ உடன்பிறந்தாருக்கோ தமக்காகக் காரியம் பார்க்கும்படி உண்மையாகவே அளிக்கும் அதிகாரத்துக்கு எந்தப் பங்கமும் இல்லை என்றும் கூறியது. எனவே பவர் எனப்படும் அதிகாரப் பத்திரம் ஒருவரை நம்முடைய பிரதிநிதியாக நிறுத்துகிறதேயன்றி அவரைச் சொந்தக்காரர் ஆக்குவதில்லை. அதிகாரம் கொடுத்தவர் காலமானால், பொதுவாக அவ்வதிகாரமும் அவரோடு முடிந்துவிடுகிறது. இதனாலேயே தமிழ்நாட்டில் பிரதிநிதி ஒருவர் விற்க வரும்போது, கொடுத்தவர் உயிரோடிருக்கிறார் என்பதற்குச் சான்று கேட்கிறார்கள்.

எழுதும் முறையிலும் கவனம் வேண்டும். இந்தியாவுக்கு வெளியே வசிப்பவர் எழுதும் அதிகாரப் பத்திரத்தைப் பதிவாளர் ஏற்க வேண்டுமானால், நோட்டரி, நீதிபதி, இந்தியத் தூதரக அதிகாரி போன்றோரில் ஒருவர் முன்னிலையில் அது கையெழுத்தாகிச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். தூதரகமோ சுமார் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் மஸ்கட்டில் இருக்கிறது. சலாலாவில் தூதரக முகாம் நடக்கும் தேதியை விசாரித்து வைத்துக்கொள்வது நலம். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் பத்திரத்துக்கு உரிய முத்திரைத் தீர்வையும் செலுத்தியாக வேண்டும். ஊரிலிருந்து வரும் நகலில், “விற்கவும், அடமானம் வைக்கவும், கிரயத் தொகையைப் பெற்றுக்கொள்ளவும், இவ்வதிகாரத்தைப் பிறருக்கு மறுபடி அளிக்கவும்” என்று ஒரே மூச்சில் ஓடும் வாசகத்தை வாசியாமலே கையெழுத்திடுவோரைக் காணும்போதெல்லாம் என் மனம் பதறுகிறது. வாங்குவதற்காக மட்டும் கொடுக்கும் அதிகாரத்தில் விற்கும் வாசகத்துக்கு என்ன வேலை? புல எண்ணையும் நான்கெல்லையையும் குறித்து, அந்த ஒரு சொத்துக்கும் அந்த ஒரு காரியத்துக்குமே அதிகாரம் கொடுங்கள். விற்பதற்கானால், தொகை உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலேயே சேர வேண்டும் என்று எழுதுங்கள். பின்னர் ரத்து செய்யலாமே என்றால், ரத்து இனி நடக்கவிருப்பதைத் தடுக்குமேயன்றி, அதிகாரம் உயிரோடிருந்தபோது நல்லெண்ணத்துடன் வாங்கிய ஒருவரிடமிருந்து வீட்டை மீட்டுத் தராது.

இனி, “சார்பதிவாளரே பதிவு செய்துவிட்டார், ஆகவே பாத்தியதை சுத்தம்” என்னும் நம்பிக்கை. விற்பவருக்கு உரிமை உண்டா என்று தீர்மானிப்பது பதிவு அதிகாரியின் வேலையன்று என்பதை, தமிழ்நாட்டுப் பதிவு விதி ஒன்றைச் செல்லாததாக்கிய 2025 ஏப்ரல் 7-ஆம் தேதித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. தமக்கு இல்லாத உரிமையை ஒருவர் பதிவு செய்து விற்றால், வாங்கியவர் கைக்கு அந்த இல்லாமையே வந்து சேரும். பட்டா வருவாய்த் துறையின் கணக்கு. அது அனுபவத்துக்கு ஓர் அடையாளமாகலாம், உரிமையை உண்டாக்காது. வில்லங்கச் சான்றோ, பதிவான பத்திரங்களை மட்டுமே நமக்குச் சொல்லும். நிலுவையிலிருக்கும் வழக்கையும், பதிவாகாத உயிலையும், வாய்மொழிப் பாகப்பிரிவினையையும் அது அறியாது. ஆகவே முப்பது வருஷத்துக்கேனும் வில்லங்கம் பார்ப்பதோடு, மூலப்பத்திரம் முதல் தொடர்ச்சியாக எல்லா ஆவணங்களையும் ஒரு வழக்கறிஞர் வாசித்துக் கருத்து எழுதித் தரவேண்டும். அதற்காகும் செலவைச் சிக்கனம் செய்வது தகாது.

“நகை போட்டுச் சீர் செய்து அனுப்பியாயிற்று, தங்கைக்கு இனிப் பங்கேது?” என்று விற்பவர் சொன்னால் அதை நம்பி வாங்காதீர்கள். இது வாங்குபவருக்கு ஆபத்து என்பதினும், பெண்ணுக்கு இழைக்கும் அநியாயம் என்பதே எனக்கு முதன்மையாகப் படுகிறது. ஹிந்துக் குடும்பங்களில், உயில் எழுதாமல் காலமான தகப்பனாருடைய சுயார்ஜிதச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு 1956 முதலே உண்டு. பூர்வீகச் சொத்தில் மணமாகாத பெண்களுக்குத் தமிழ்நாடு 1989-இலேயே வழி திறந்தது; 2005 செப்டம்பர் 9-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த திருத்தம் மணமானவர்களையும் சேர்த்துக்கொண்டது; வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்ட் 11 அன்று, திருத்தம் நடைமுறைக்கு வந்த தேதியில் தகப்பனார் உயிரோடிருந்திருக்க வேண்டுமென்பதில்லை என்றும் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்னரே முறையாக நடந்து முடிந்த விற்பனையும் பிரிவினையும் இதனால் கலைவதில்லை. முஸ்லிம் குடும்பங்களில், மகனுக்குரியதில் பாதி மகளுக்கு ஷரீஅத்தே வகுத்த பங்கு. ஆகையால் சகோதரிகள் கிரையப் பத்திரத்தில் சேர்ந்து கையெழுத்திட்டிருக்கிறார்களா, அல்லது மனமொப்பி எழுதிப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பன்னிரண்டு வருஷம் குடியிருந்த வாடகைக்காரர் வீட்டுக்குச் சொந்தக்காரராகிவிடுவார் என்னும் அச்சமும் சலாலாவில் பலரை வாட்டுகிறது. வாடகைக்கு இருப்பவர் உங்கள் அனுமதியோடு இருப்பவர். எத்தனை காலமானாலும் அவ்வனுமதி, உரிமையைப் பறிக்கும் எதிரிடை அனுபவமாக மாறாது. வேலியின்றிக் கிடக்கும் காலி மனையை அயலார் தமதென்று வெளிப்படையாகப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு வருஷம் கழிப்பதே அஞ்சத் தக்கது. தோப்பும் வயலும் வாங்க ஆசைப்படுவோர்க்கும் ஒரு வார்த்தை: வெளிநாடுவாழ் இந்தியர் வீடும் மனையும் வாங்கலாம், விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்கலாகாது, பெற்றோர் வழியில் வந்ததை வைத்துக்கொள்ளத் தடையில்லை.

விற்கும்போது, “வாங்குபவர் ஒரு சதவீதம் வரி பிடிப்பார், அவ்வளவுதான்” என்பதும் தவறு. அந்த ஒரு சதவீதமும், ஐம்பது லட்சம் என்னும் வரம்பும் இந்தியாவில் வசிக்கும் விற்பனையாளருக்கு உரியவை. வெளிநாட்டில் வசிப்பவருடைய நீண்டகால மூலதன லாபத்துக்கு 2024 ஜூலை 23 முதல் வரி விகிதம் 12.5 சதவீதம், மேல்வரியும் தீர்வையும் தனி. வரம்பு எதுவுமின்றி வாங்குபவர் அதைப் பிடித்தே ஆகவேண்டும். பிடிக்காவிட்டால் பொறுப்பு அவர் தலையில் விழும். லாபம் இன்னதென்று அவருக்குத் தெரியாதபோது முழு விலைக்கும் சேர்த்து அவர் பிடித்துவிடுவதும் உண்டு. எனவே விற்பனை உடன்படிக்கை எழுதிய உடனே, குறைந்த வரி பிடிப்பதற்கான சான்றைக் கோரி வருமான வரி அதிகாரியிடம் மனுச் செய்யுங்கள். சான்று கைக்கு வர வாரக்கணக்கில் ஆகக்கூடுமாதலால், கிரையத் தேதியை அதற்கேற்றபடி வைத்துக்கொள்ளுங்கள்.