படுக்கும்போது 70, எழும்போது 40: செல்போன் சார்ஜ் இரவில் எங்கே போகிறது?

இரவு படுக்கும்போது செல்போனில் 70 சதவீதம் சார்ஜ் இருக்கிறது. ஃபஜ்ருக்கு எழுந்து பார்த்தால் 40 சதவீதம்தான். இடையில் யாரும் அதைத் தொடவில்லை. "பேட்டரி போச்சு" என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். சிலர் பேட்டரியை மாற்றுகிறார்கள், சிலர் கடன் வாங்கிப் புதுப் போனே வாங்கிவிடுகிறார்கள். பல சமயம் இரண்டுமே வீண் செலவு. காரணத்தைக் கண்டுபிடித்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும். கண்டுபிடிக்க மூன்று இரவுகளும் ஒரு துண்டுத் தாளும் போதும்.

சார்ஜ் தானாகக் கசிவதில்லை

இன்றைய போன்களில் இருப்பது லித்தியம் அயன் பேட்டரி. நல்ல நிலையில் உள்ள பேட்டரியைத் தனியே கழற்றி வைத்தால் ஒரு மாதத்துக்குச் சில சதவீதம்தான் குறையும். ஆகவே ஒரே இரவில் 30 சதவீதம் போகிறது என்றால், உள்ளே ஏதோ ஒன்று அதைச் செலவழிக்கிறது.

ஒரு கணக்குப் பாருங்கள். 5000 எம்ஏஹெச் பேட்டரியில் எட்டு மணி நேரத்தில் 4 சதவீதம் குறைந்தால் செலவானது 200 எம்ஏஹெச். சும்மா கிடக்கும் போனுக்கு இந்த அளவு இயல்பு. 30 சதவீதம் குறைந்தால் செலவு 1500 எம்ஏஹெச். ஏழு மடங்குக்கும் மேல்! அது ஓய்வெடுத்த போன் அல்ல, இரவெல்லாம் உழைத்த போன்.

திரை அணைந்தால் போன் தூங்கிவிட்டது என்று நினைக்கிறோம். கடையின் ஷட்டரை இறக்கிவிட்டால் உள்ளே வேலை நின்றுவிட்டது என்று பொருளா? சரக்கு அடுக்குவதும் கணக்கு எழுதுவதும் நடந்துகொண்டுதானே இருக்கும்? போனும் அப்படித்தான்.

இரவில் விழித்திருப்பவை

முதலாவது, சிக்னல். போன் எப்போதும் டவரோடு தொடர்பில் இருக்க வேண்டும். டவர் தூரமாக இருந்தாலோ, நடு அறையின் கான்கிரீட் சுவர் மறைத்தாலோ, அது கூடுதல் சக்தி கொடுத்து டவரைத் தேடிக்கொண்டே இருக்கும். சிக்னலே கிடைக்காத இரண்டாவது சிம் இருந்தால் செலவு இன்னும் கூடும்.

இரண்டாவது, இணையத்தோடு பேசும் செயலிகள். வாட்ஸ்அப் குழுக்களில் வரும் வீடியோக்கள் தாமாக இறங்கும். எடுத்த படங்கள் கூகுள் போட்டோஸுக்கு ஏறும். ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் தன் உரையாடல்களைப் பிரதி எடுத்து வைக்கும் நேரமே அதிகாலை 2 மணிதான்.

மூன்றாவது, இருப்பிடம் பார்க்கும் செயலிகள். வானிலை, வரைபடம், தொழுகை நேரம் காட்டும் செயலிகளில் சில, தேவை இல்லாதபோதும் லொகேஷனைக் கேட்டுக்கொண்டிருக்கும். ஊர் மாறாதவருக்கு, தொழுகை நேரச் செயலியில் ஊர்ப் பெயரை ஒருமுறை தேர்ந்தெடுத்துக் கொடுத்தாலே போதுமானது.

2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், அசையாமல் கிடக்கும் போன் இந்த வேலைகளைத் தள்ளிவைத்து, இடையிடையே மொத்தமாகச் செய்யும் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் சரியாக எழுதப்படாத ஒரு செயலி போதும், போனைத் திரும்பத் திரும்ப எழுப்பிவிடும்.

மூன்று இரவுச் சோதனை

முதலில் போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். சிக்கிக்கொண்டு ஓடும் செயலி இருந்தால் இதிலேயே சரியாகிவிடலாம். பிறகு ஒவ்வோர் இரவும் ஏறக்குறைய 80 சதவீதத்தில் சார்ஜரைக் கழற்றி, ஒரே இடத்தில் வைத்து, படுக்கும்போதும் எழும்போதும் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் இரவு: வழக்கம்போல் விடுங்கள்.

இரண்டாம் இரவு: மொபைல் டேட்டா, வைஃபை இரண்டையும் அணையுங்கள். அழைப்புகள் வழக்கம்போல் வரும்.

மூன்றாம் இரவு: ஏரோப்பிளேன் மோடில் போடுங்கள். அலாரம் அடிக்கும், அழைப்பு வராது. எனவே வீட்டில் வேறொரு போன் இயங்கட்டும்.

விடை சொல்லும் எண்கள்

இரண்டாம் இரவில் செலவு நன்றாகக் குறைந்தால், காரணம் இணையச் செயலிகள். செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குப் போனால் எந்தச் செயலி எவ்வளவு எடுத்தது என்ற பட்டியல் இருக்கும். அதிகம் தின்பதன் பின்னணி இயக்கத்தைக் கட்டுப்படுத்துங்கள், தேவையில்லாததை நீக்குங்கள். வாட்ஸ்அப்பில் தானாக இறங்குவதை நிறுத்துங்கள்.

இரண்டாம் இரவில் குறையாமல் மூன்றாம் இரவில் மட்டும் குறைந்தால், காரணம் சிக்னல். போனை ஜன்னல் பக்கம் வையுங்கள். பயன்படுத்தாத சிம்மை செட்டிங்ஸில் அணைத்துவிடுங்கள். 5ஜி விட்டுவிட்டு வரும் இடமானால் 4ஜியில் வையுங்கள்.

மூன்றாம் இரவிலும் வேகமாக இறங்கினால், இணையம் இல்லாமலே ஓடும் ஒரு செயலியோ, பழுதோ, முதுமையடைந்த பேட்டரியோ காரணமாகலாம். செயலிப் பட்டியலில் ஒன்றும் தென்படாவிட்டால் அப்போது கடைக்குப் போகலாம். ஐபோனில் பேட்டரியின் அதிகபட்சக் கொள்ளளவு எத்தனை சதவீதம் என்று செட்டிங்ஸிலேயே தெரியும். 80-க்குக் கீழே போயிருந்தால் மாற்றுவது நியாயமான செலவு.

கவனிக்க வேண்டியவை

"பேட்டரி சேவர்", "கிளீனர்" என்று விளம்பரத்தில் வரும் செயலிகளை ஏற்றாதீர்கள். பல, விளம்பரம் காட்டி அவையே சார்ஜைத் தின்னும். செயலிகளை நிமிடத்துக்கொரு முறை தள்ளி மூடுவதாலும் பெரிய பயனில்லை. மூடிய செயலி மறுபடி முதலிலிருந்து எழும்பக் கூடுதல் சக்தி செலவாகும்.

தலையணைக்கடியில் போனை வைத்து சார்ஜ் போடாதீர்கள். சூடுதான் பேட்டரியின் முதல் எதிரி. பின்மூடி உப்பித் தெரிந்தால் அந்தப் போனை அதன்பின் சார்ஜே போட வேண்டாம், அமுக்கவோ குத்தவோ வேண்டாம்.

முதியவர்களோ பிரசவம் நெருங்கிய பெண்ணோ உள்ள வீட்டில், சார்ஜை மிச்சம் பிடிக்க எல்லாப் போன்களையும் ஏரோப்பிளேன் மோடில் போட்டுவிடக் கூடாது. நள்ளிரவில் 108-ஐ அழைக்கவும், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் அவசர அழைப்பு வரவும் ஒரு போனாவது தயாராக இருக்க வேண்டும். செத்துக் கிடக்கும் போன் அந்த நேரத்தில் யாருக்கும் உதவாது. இரவுச் செலவைக் கவனிக்கச் சொல்வதே அதற்காகத்தான்.

கடைக்குப் போக நேர்ந்தால் அந்த மூன்று இரவு எண்களையும் எடுத்துச் செல்லுங்கள். "பேட்டரி மாற்றுங்கள்" என்று சொல்வதைவிட, "ஏரோப்பிளேன் மோடிலும் 25 சதவீதம் இறங்குகிறது" என்று சொல்பவரிடம் கடைக்காரரும் யோசித்துத்தான் பதில் சொல்வார்.