பக்கத்து வீட்டு மதில் இரண்டு அடி உள்ளே: பத்திரம் முடிக்கலாமா?

கேள்வி: 30-க்கு 50 அடி மனையில் உள்ள பழைய வீட்டை விலைபேசி, 3 லட்சம் முன்பணம் கொடுத்து, கிரய ஒப்பந்தமும் பதிவு செய்துவிட்டோம். இப்போது டேப் பிடித்துப் பார்த்தால், பக்கத்து வீட்டு மதில் 50 அடி நீளத்துக்கும் இரண்டு அடி உள்ளே நிற்கிறது. "அவர் தங்கமான மனுஷன், பிறகு பேசிக்கலாம், முதல்ல பத்திரத்தை முடிங்க" என்கிறார் விற்பவர். முடிக்கலாமா?
- வாசகர், தேனி மாவட்டம்

பதில்: வேண்டாம். பாக்கிப் பணம் உங்களிடம் இருக்கும்வரை இது விற்பவரின் தலைவலி. கிரயம் பதிவானால் உங்களுடையது. சொத்தில் மறைந்துள்ள குறையைச் சொல்லாமல் விற்றால் சொத்து மாற்றுச் சட்டம் 55-வது பிரிவு கைகொடுக்கும். நீங்களே அளந்து பார்த்த சுவருக்கு அது பொருந்தாது.

அதே சமயம், டேப் அளவை நம்பிச் சண்டைக்குப் போகாதீர்கள். குறைவு எதிர்ப்பக்கத்திலும் இருக்கலாம். பட்டாதாரர் என்ற முறையில் விற்பவரையே நில அளவைக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். தாலுகா சர்வேயர் பக்கத்துக்காரர்களுக்கு நோட்டீஸ் கொடுத்து, புலப்படத்தை வைத்துக் கல்லிலிருந்து அளப்பார். கூட்டுப் பட்டா என்றால் புலப்படத்தில் உங்கள் மனை தனியாக இருக்காது. உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கித் தரச் சொல்லுங்கள்.

ஆக்கிரமிப்பு உறுதியானால், மதில் எப்போது கட்டியது என்று கேளுங்கள். உரிமையாளருக்கு எதிராக, வெளிப்படையாக 12 ஆண்டுகள் தொடர்ந்து அனுபவித்தவர் எதிரிடை அனுபவப் பாத்தியம் கோரலாம். அதை வைத்து அவரே வாதியாகவும் வழக்குப் போடலாம் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வெறுமனே வருடம் ஓடினால் மட்டும் போதாது என்பது வேறு விஷயம். ஆனால் அதை நிரூபிக்க உங்களுக்குக் கோர்ட்டில் எத்தனை வாய்தா ஆகும்?

சுவர் புதிது என்றால் இடித்துத் தள்ளிக் கட்டச் சொல்வது விற்பவர் பொறுப்பு. பழையது என்றால், என் யோசனை: அந்த 100 சதுர அடியை விற்பவர் பக்கத்துக்காரருக்கே கிரயம் செய்து கொடுக்கட்டும். நீங்கள் விலையைக் குறைத்து 28-க்கு 50, அதாவது 1,400 சதுர அடியை மட்டும் வாங்குங்கள். செக்குபந்தியும் அளவும் பத்திரத்தில் அப்படியே வர வேண்டும். 20 ரூபாய் முத்திரைத்தாளில் இருவரும் எழுதிக்கொள்ளும் கடிதத்தால் நிலம் கைமாறாது. 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தின் கிரயத்துக்குப் பதிவு கட்டாயம்.

இதற்கிடையில் ஒப்பந்தக் கெடு முடிந்துவிடக் கூடாது. பாக்கித் தொகையுடன் கிரயம் முடிக்கத் தயாராக இருப்பதாகவும், அளந்து எல்லையைச் சரிசெய்து தரும்படியும் கெடுவுக்குள் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். அவர் கெடுவை நீட்டிக்கச் சம்மதித்தால், அதை எழுத்தில் வாங்கிப் பதிந்துகொள்ளுங்கள்.