இரசாயன வினையும் மின்சக்தியும்

திருவனந்தபுரம் தம்பானூர்ப் பேருந்து நிலையத்தினின்றும் புறப்படும் டீசல் பஸ் ஒவ்வொன்றும், எஞ்சின் இயங்கத் தொடங்கும் கணத்தில், பாட்டரியில் நிகழும் ஓர் இரசாயன வினையையே நம்பியுள்ளது. ஈயப் பாட்டரியின் ஒவ்வொரு கலத்திலும் ஈயத் தகடும், ஈய டை ஆக்ஸைடு கொண்ட தகடும் நீர்த்த கந்தகாமிலத்தில் மூழ்கியிருக்கின்றன. மின்சாரம் எடுக்கப்படும்பொழுது இரு தகடுகளிலும் ஈய சல்பேட்டு படிகிறது. அமிலத்தின் செறிவு குறைகிறது. ஒரு கலம் ஏறத்தாழ 2 வோல்ட் தருமாதலால், தொடராக இணைந்த 6 கலங்கள் 12 வோல்ட் அளிக்கின்றன.

மின்னேற்றம் செய்யும்பொழுது இவ்வினை எதிர்த்திசையில் நடைபெறுகிறது. மின்னேற்றம் நிறைவுறும் தறுவாயில், செலுத்தப்படும் மின்சாரத்தின் ஒரு பகுதி நீரைப் பிரித்து ஹைடிரஜனையும் ஆக்ஸிஜனையும் வெளியேற்றும். இழந்த நீருக்கு ஈடாகவே, நீர் ஊற்றும் வகைப் பாட்டரிகளில் வடித்த நீர் சேர்க்கப்படுகிறது. இவ்வாயுக் கலவையில் சிறு பொறி பட்டாலும் வெடிக்கும். ஆகவே மின்னேற்றும் அறையில் நல்ல காற்றோட்டம் வேண்டும். பீடி, தீக்குச்சி ஆகியவை அறவே கூடாது. மின்னேற்றக் கருவியை நிறுத்திய பின்னரே இணைப்புக் கம்பிகளைக் கழற்றவேண்டும்.

இவ்வெடிப்பின் சக்தி எங்கிருந்து வருகிறது? மூலக்கூறுகளின் பழைய பிணைப்புகளை அறுக்கச் செலவாகும் சக்தியைவிட, நீரின் புதிய பிணைப்புகள் அமையும்பொழுது வெளிப்படும் சக்தி மிகுதி. 2 கிராம் ஹைடிரஜன் 16 கிராம் ஆக்ஸிஜனுடன் கூடி நீராகும்பொழுது, ஏறத்தாழ 286 கிலோஜூல் மிஞ்சுகிறது.

அபாயம் விளைவிக்கும் இவ்வினையே முறையாக ஆளப்படின் பெரும்பயன் தரும். சந்திரயான்-3 கலத்தை 2023 ஜூலை 14 அன்று ஏந்திச் சென்ற எல்.வி.எம்.-3 ராக்கெட்டின் மேல் அடுக்கில், திரவ ஹைடிரஜனும் திரவ ஆக்ஸிஜனும் எரிந்து உந்துவிசை அளித்தன. அங்கு சக்தி வெப்பமாக வெளிப்பட்டது.

எரிபொருள் மின்கலத்திலோ அவ்விரு வாயுக்களும் நேரே கலப்பதில்லை. இடையே ஒரு மெல்லிய சவ்வு உள்ளது. ஹைடிரஜன் அயனிகள் அதனூடே செல்லும். எலெக்ட்ரான்கள் வெளிக்கம்பி வழியே சுற்றிச் செல்லும். இவ்வோட்டமே மின்சாரம். 286 கிலோஜூலில் அதிக அளவாக 237 கிலோஜூல்வரை மின்சக்தியாகப் பெறலாம் என்பது கொள்கை. நடைமுறையில் இதனினும் குறைவாகவே கிட்டும். எஞ்சியது வெப்பமாகும்.

தும்பாவிலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் 100 வாட் வகை எரிபொருள் மின்கலத் தொகுதி, 2024 ஜனவரி 1 அன்று பி.எஸ்.எல்.வி.-சி58 ராக்கெட்டுடன் விண்ணுக்குச் சென்றது. அங்கு நடந்த சோதனையில் அது 180 வாட் அளித்தது. அதன் கழிவுப்பொருள் தூய நீரேயாதலால், மனிதர் செல்லும் விண்கலங்களுக்கு இது பெரிதும் ஏற்றது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். சிறிது சலவைச் சோடா கரைத்த நீரில் இரு பென்சில் கரித்துண்டுகளை நிறுத்தி, 9 வோல்ட் பாட்டரியுடன் சில நிமிடம் இணைக்க, கரிகளில் குமிழிகள் படியும். சமையல் உப்பு குளோரின் வாயுவைத் தருமாதலால் அதனைத் தவிர்க்க. பின்னர்ப் பாட்டரியை நீக்கிவிட்டு, அவ்விடத்தில் வோல்ட் மானியை இணைத்தால் அதன் முள் நகரும். சிறிது நேரத்தில் மெல்லத் தாழும். பிரிந்த வாயுக்கள் மீண்டும் கூடி மின்சாரம் தருகின்றன என்பதை மாணவர் கண்கூடாக அறிவர். வினை ஒன்றே; எலெக்ட்ரான்களுக்கு நாம் வகுக்கும் வழியே, அது வெடிப்பாகுமா, விளக்கேற்றுமா என்பதைத் தீர்மானிக்கிறது.